பெரம்பூருக்கு வரும் பூ

பெரம்பூர் என்றதும் இரும்பு நினைவுக்கு வருமேயன்றிப் பூ நினைவுக்கு வருவதில்லை. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் புகைவண்டி ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டது. அந்தத் தண்டவாளத்தின் வழியே வளர்ந்த ஊர் இது. பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று ஓர் ஊருக்கு மூன்று நிலையங்கள் வேறெங்கே உண்டு? அருகில், 1955 அக்டோபர் 2 அன்று பண்டித நேரு தொடங்கி வைத்த ஐ.சி.எஃப். தொழிற்சாலை. பணிமனைச் சங்கின் ஒலி கேட்டே எழுந்து, உண்டு, உறங்கிப் பழகிய குடும்பங்கள் இங்கு மூன்று நான்கு தலைமுறையாக வாழ்கின்றன.

இத்தகைய ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பூ வந்து அமர்ந்துவிடுகிறது. லூர்து அன்னை திருத்தலத்திற்கு முதல் திருப்பலிக்கு வருகிறவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். தெருவிளக்கின் கீழ்க் கோணியை விரித்து, அதன்மேல் ஈரத்துணியை விரித்து, மல்லிகைப் பந்துகளை அடுக்கிக்கொண்டிருக்கும் அம்மாளிடம் ஒரு முழம் வாங்கிக்கொண்டு நாம் உள்ளே சென்றுவிடுகிறோம். அந்த ஒரு முழம் எங்கிருந்து, எத்தனை பேர் கை மாறி, எத்துணை விரைவாக வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்க நமக்கு நேரமிருப்பதில்லை. இந்நாளில் கைபேசியில் சொன்னால் அன்றைக்கே பூ வீடு தேடி வரும் என்று விளம்பரங்கள் வியப்பூட்டுகின்றன. வியப்பதற்கு அதில் புதிதாக ஏதுமில்லை என்பதே என் எண்ணம். பூ வணிகம் என்றைக்குமே அன்றாட வணிகம்; பூவுக்கு நாளை என்பது கிடையாது.

மல்லிகையைப் போல் நேரம் தவறாத உயிர் பிறிதொன்று உண்டோ என நான் ஐயுறுவதுண்டு. நம் முன்னோர் பூவின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்தார்கள்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். ஏதோ புலவரின் சொல்லடுக்கு என்று குருமடத்துத் தமிழ் வகுப்பில் நாங்கள் இதை மனப்பாடம் செய்தோம். பூ வியாபாரிக்கோ இவை ஒவ்வொன்றும் ஒரு விலை. இன்று மாலை மலரவிருக்கும் மொட்டை இன்று கதிரவன் ஏறுமுன் கொய்துவிட வேண்டும். கொய்யாது விட்டால் அந்தியில் செடியிலேயே விரிந்துவிடும். விரிந்த பூவை எவரும் தொடுப்பதில்லை. கொய்த மொட்டும் காத்திருப்பதில்லை. அது செடியில் இருந்தாலும் கூடையில் இருந்தாலும் அந்திப் பொழுதை அறிந்துகொள்கிறது. மறுநாள் அதன் வெண்மை மங்கிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத் தியானம் கொடுப்பதற்காகத் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைப் பகுதிக்குச் சென்றிருந்தேன். வைகையின் நீர் சோழவந்தான் வழியே மதுரை மாநகரை நோக்கிச் செல்லும் நாடு அது. (ஆற்றில் நீர் உண்டோ என்று என்னைக் கேட்காதீர்கள்.) அவ்வூர் உபதேசியார் மனைவி காலைத் திருப்பலிக்கு வரவில்லை. காரணம் வினவினேன். "அவ பூவெடுக்கப் போயிருக்கா சாமி, நாலு மணிக்கே போயிட்டா" என்றார் அவர். மறுநாள் நானும் உடன் சென்று பார்த்தேன். நெற்றியில் சிறு விளக்கைக் கட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பை மடியாகக் கட்டிக்கொண்டு, இருளில் குனிந்த முதுகோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். பேச்சு இல்லை. கொடிய பனி. செடி இடுப்பளவே உயர்ந்திருந்தமையால் நிமிரவும் இயலாது. ஒவ்வொரு செடியிலும் இன்று மலரும் மொட்டு எது, நாளைக்கானது எது என்று விரல்களே கண்டுகொண்டன. வெளிச்சம் அவர்களுக்குப் பாம்புக்காக மட்டுமே தேவைப்பட்டது போலும். கூலி, எடுத்த எடைக்கு. ஒரு கிலோ நிறைவதற்கு ஆயிரக்கணக்கான மொட்டுகளைக் கிள்ள வேண்டும். என்னையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அரைமணி நேரம் முயன்று நான் சேர்த்ததை உபதேசியார் மனைவி தம் உள்ளங்கை ஒன்றில் அடக்கிக் காட்டினார். அவற்றுள்ளும் பாதி நாளைய மொட்டுகள்!

அங்கிருந்து பூ நிலக்கோட்டைச் சந்தைக்கும் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கும் செல்கிறது. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும், மணமும், விரைவில் வாடாத இயல்பும் அதன் சிறப்புகள். சந்தையில் விலை மணிக்கு மணி மாறும். கோடையில் பூ குவியும்போது கிலோ 200, 300 ரூபாய்க்கு இறங்கும். அதனினும் இறங்கினால் மணப்பொருள் ஆலைக்குப் போகும். பனிக்காலத்திலோ செடி மொட்டு வைப்பதே அரிது. அப்போது 2,000 ரூபாயையும் தாண்டும். பனிக்கட்டி இட்ட பெட்டிகளில் அடைக்கப்பட்டு, விமானம் ஏறி அயல்நாடு போகும் பூவும் உண்டு. சாலை வழியே ஏறத்தாழ 460 கிலோ மீட்டர் கடந்து சென்னை வருவது இரவோடு இரவாக வரும். இரயிலில் வரும் பூவை ஏற்றிவரும் பெட்டியும் பெரம்பூரில் பிறந்ததாகவோ பெரம்பூரில் செப்பனிடப்பட்டதாகவோ இருத்தல் கூடும். இரும்புக்கும் பூவுக்கும் உறவே இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது.

சென்னையில் பூ வந்திறங்கும் இடம் முன்பு ஜார்ஜ் டவுன். பூக்கடை என்றே அப்பகுதிக்குப் பெயர். காவல் நிலையத்துக்குக்கூட அந்தப் பெயர்தான்! 1996இல் கோயம்பேட்டில் புதிய மொத்த அங்காடி திறக்கப்பட்டது. அதன் பின்னரும் பத்ரியன் தெருவில் பூ வணிகம் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. இன்று நள்ளிரவு கடந்து கோயம்பேட்டுக்குச் சென்றால், நகரம் உறங்கும் வேளையில் அங்கு ஒரு திருவிழாவே நடக்கக் காணலாம். ஓசூர்ப் பக்கத்து ரோஜா, கிருஷ்ணகிரிச் சாமந்தி, மூட்டை மூட்டையாகச் சம்பங்கி, கேந்தி, கோழிக்கொண்டை. பெரம்பூரிலிருந்து செல்லும் பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு ஆட்டோவைப் பேசிக்கொண்டு இரண்டரை மணிக்கு அங்கே நிற்கிறார்கள்.

ஆனால் பெரம்பூருக்கு இன்னொரு வழியும் உண்டு. அதுவே எனக்கு மிகப் பிடித்தமானது. ஆரணியாற்றங்கரையில் உள்ள பெரியபாளையத்தைச் சுற்றியும் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலும் மல்லிகை பயிரிடும் சிற்றூர்கள் பல. பெரியபாளையம் பழைய கோயிலூர். ஆடித் திங்களில் வடசென்னை முழுதும் அங்கே திரண்டு செல்வதை நம் அயல்வீட்டாரிடம் கேட்டறியலாம். நாற்பது கிலோ மீட்டருக்குள் அடங்கும் தொலைவு. விடியலில் அங்கே கொய்த மொட்டு செங்குன்றம், மாதவரம் வழியாகப் பேருந்திலேயே வந்து நண்பகலுக்குள் பெரம்பூரில் தொடுக்கப்பட்டு, மாலை ஜெபமாலை வேளையில் மாதாவின் பாதத்தில் மலர்கிறது. ஒரே பகலில் அதன் வாழ்வு தொடங்கி நிறைவடைந்துவிடுகிறது. மதுரை மல்லியின் பருமன் அதற்கு இல்லை. விலையும் அவ்வளவு இல்லை. அதைக் குறைவாகப் பேசுவோர் உண்டு. நான் அவர்களோடு வாதிடுவதில்லை. மாலையில் பீடத்தருகே வந்து நின்று முகர்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

வந்த பூவைத் தொடுக்க வேண்டுமல்லவா? பெரம்பூரின் பின்தெருக்களிலும், செம்பியம், வியாசர்பாடிப் பக்கத்துச் சந்துகளிலும் பிற்பகலில் நடந்து பாருங்கள். வாசற்படியில் அமர்ந்து, நீரில் ஊறிய வாழைநாரை இடக்கை விரலில் சுற்றி, இரண்டு பூ இப்புறம், இரண்டு பூ அப்புறம் என்று வைத்து முடிச்சிடும் பெண்களைக் காணலாம். ஆலையில் வேலை இழந்த கணவருக்குச் சோறிட்டதும் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் இந்த முடிச்சுகளே என்ற குடும்பங்களை நான் அறிவேன். பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டபோது பூ தொடுக்க அமர்ந்து, இன்றும் அதே வாசலில் அமர்ந்திருக்கும் மூதாட்டியர் உண்டு. கட்டிய சரத்தை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து தருகிறார்கள். அளவுகோல் விற்பவரின் கையே. குட்டைக் கை உள்ள அம்மாளிடம் வாங்கினால் நட்டம் என்று கணக்கிட்டு, நெடிய கை உள்ளவரைத் தேடிச் செல்லும் குடும்பத் தலைவியரும் நம் பங்குகளில் இல்லாமலில்லை.

2020ஆம் ஆண்டை அவர்கள் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்ப்புப் பெருவிழாவைப் பூட்டிய கோவிலில் குருக்கள் தனியே கொண்டாடினோம். மே மாதத்தில் நோய்த்தொற்றுப் பரவியதால் கோயம்பேடு அங்காடியும் மூடப்பட்டது. அது மல்லிகை குவியும் பருவம். ஊரடங்கு என்றால் செடிக்குத் தெரியுமா? தோட்டங்களில் பூ மலர்ந்து, அங்கேயே உதிர்ந்து, வெண்மையாகத் தரையை மூடிக் கிடந்தது. இங்கே தொடுக்கும் கைகள் வெறுமையாகக் கிடந்தன. அரிசிப் பைகள் கொடுக்கச் சென்றபோது ஒரு வீட்டில் காய்ந்த வாழைநார்க் கட்டு ஒன்று ஆணியில் தொங்கிற்று. அதை எடுத்தெறிய அவ்வீட்டாருக்கு மனம் வரவில்லை.

இனி, நம் குடும்பங்களில் பேசப்பட வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லூர்து அன்னையின் திருநாள் பிப்ரவரி 11. பனிக்காலம் முற்றும் நீங்காத நாள் அது. மல்லிகை ஆண்டிலேயே அரிதாகவும் அருமையாகவும் இருக்கும் காலம். போதாதென்று, மூன்று நாளில் காதலர் தினம் என்று ரோஜாவின் விலையும் உயர்ந்துவிடுகிறது. 1858இல் பிரான்சு நாட்டின் காவ் ஆற்றங்கரைச் சிற்றூரான லூர்து நகரில், மசபியேல் குகையில் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி அன்னையைப் பதினெட்டு முறை கண்டாள். அன்னையின் இரு பாதங்களிலும் பொன்னிற ரோஜா ஒவ்வொன்று இருந்ததாக அவள் சொன்னாள். அவள் கண்டதும் பனிக்காலத்தில்தான். குளிரில் விறகு பொறுக்கச் சென்றவள் அவள். ஆகவே பூ அரிதான நாளில் அன்னைக்குப் பூச்சூட்டுவது இத்திருநாளின் இயல்போடு ஒட்டியதே என நான் எண்ணுவதுண்டு.

ஆயினும் செலவு செலவுதானே? நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாக் குழுவினர் ஓராண்டு பிளாஸ்டிக் பூவுக்கு மாறிவிடலாம் என்றனர். ஒருமுறை வாங்கினால் பத்தாண்டு உழைக்கும். தேருக்கும் ஆகும், பீடத்துக்கும் ஆகும். கழுவி வைத்தால் போதும். அவர்கள் கணக்கில் பிழையில்லை. மீதமாகும் தொகையை ஏழை மாணவருக்குக் கொடுப்போம் என்றும் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். கோவில் வாசலில் இருபது ஆண்டுகளாகப் பூ விற்கும் அம்மாளின் காதுக்கும் இது எட்டிவிட்டது. அவர் நம் மறையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் நம் திருநாட்களை நம்மில் பலரைவிடச் சரியாக அறிந்தவர். மாலையில் என்னிடம் வந்தார்.

"ஃபாதர், பிளாஸ்டிக் பூ வைக்கப் போறீங்களாமே?"

"பேசிக்கொண்டிருக்கிறோம் அம்மா. இன்னும் முடிவாகவில்லை."

"வைங்க ஃபாதர், வேணாங்கல. ஆனா ஒண்ணு. அது எப்பவும் அங்கயே இருக்கும், யாரும் அதுக்காக ஓடி வர வேணாம். எங்க பூ அப்படியில்ல. அன்னன்னைக்கு ஒருத்தர் எழுந்து வரணும்."

குழுக் கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன். முடிவில் பீடத்துக்குக் குறைவான பூ, ஆனால் மெய்யான பூ என்று தீர்ந்தது. தேருக்கு மட்டும் பிளாஸ்டிக் வாங்கினார்கள். அதை என்னால் தடுக்க இயலவில்லை. திருச்சபையின் மனமும் மிகுதியை விரும்புவதன்று. உரோமைத் திருப்பலி நூலின் பொது ஒழுங்குமுறை, பூ அலங்காரம் அளவோடு இருக்க வேண்டும் என்றும், பீடத்தின்மேல் வைப்பதைவிடப் பீடத்தைச் சுற்றி வைத்தல் நன்று என்றும் கூறுகிறது. தவக்காலத்தில் பீடத்துக்குப் பூவே கூடாது. நான்காம் ஞாயிறும், பெருவிழாக்களும், விழாக்களுமே விலக்கு. நாம் நாற்பது நாள் பூவைத் துறக்கும்போது கோவில் வாசலில் இருப்பவரின் அடுப்பும் சற்றுத் தணிந்துவிடுகிறது என்பதையும் கூடவே நினைத்தல் வேண்டும். தவக்காலச் சேமிப்பில் ஒரு பங்கை முதலில் அந்த வாசலுக்கே செலுத்தும் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். பெயர் சொன்னால் வருந்துவார்கள்.

கைபேசியில் பூ அனுப்பும் செய்திக்கு வருகிறேன். இதுவும் தோற்றத்தில் புதிது, வேரோ பழையது. 1910ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பூ வணிகர் சிலர் ஒன்றுகூடி, தந்தி வழியே ஒருவர்க்கொருவர் கட்டளை அனுப்பும் முறையை ஏற்படுத்தினர். பூ பயணம் செய்வதில்லை. சொல் மட்டும் பயணம் செய்கிறது. தொலைவில் உள்ள ஊரின் கடைக்காரர் தம் ஊர்ப் பூவை அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார். பெரம்பூர் இதைத் தன் வழியில் எப்போதோ அறிந்திருந்தது. இரயில்வேயில் பணிபுரிந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல, நாட்டின் விடுதலைக்குப் பின் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் சென்று குடியேறின. பெற்றோரின் கல்லறைகளோ கீழ்ப்பாக்கத்தில் இருந்தன. அக்டோபர் மாதத்தில் பங்குத்தந்தைக்கு விமானத் தபால் வரும் என்று மூத்த குருக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: "நவம்பர் 2 அன்று எங்கள் தாயின் கல்லறையில் பூ வைக்கச் செய்யுங்கள், உள்ளே சிறு தொகை வைத்திருக்கிறோம்." கோயிற்பிள்ளை அப்பணத்தை எடுத்துச் சென்று வாசல் அம்மாளிடம் சாமந்தி வாங்கி, கல்லைக் கழுவி, பூ வைத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு வருவார்.

இப்போது தபாலுக்குத் தேவையில்லை. மெல்பர்னில் இருப்பவர் காலையில் கைபேசியைத் தொட்டால் மாலைக்குள் கல்லறையில் பூ இருக்கும். அதற்குச் சான்றாகப் படமும் போய்ச் சேரும். இது தீதென்று சொல்ல எனக்கு மனமில்லை. வர இயலாத பிள்ளையின் அன்பு வராமற்போவதைவிட, கூலிக்காரர் கையில் வந்து சேர்வது எவ்வளவோ மேல். ஆனால் கடை, கைபேசி நிறுவனம், கொண்டுசெல்பவர் என்று ஒவ்வொருவரும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டபின், தொடுத்தவளுக்கு முழக் கணக்கிலேயே கிடைக்கிறது; நிலக்கோட்டைப் பெண்ணுக்கு எடைக் கணக்கிலேயே கிடைக்கிறது. தெருமுனையில் அவளிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசும் நாம், கைபேசியில் காட்டும் விலைக்குப் பேரம் பேசுவதில்லை; பேசவும் முடியாது. இதை மட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், இறந்தோர் நினைவு நாளன்று கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்துக்கொண்டிருந்தேன். மாலை மங்கும் நேரம். தலைக்கவசத்தைக் கழற்றாமலே இளைஞன் ஒருவன், பூ வளையத்தைக் கையில் ஏந்தி, வரிசை வரிசையாகக் கல்லறைகளைச் சுற்றி வந்தான். கைபேசியில் ஒரு பெயர் இருந்தது, எண் இல்லை. அரைமணி நேரமாகத் தேடுகிறானாம். இன்னும் இரண்டு இடங்களுக்கு அவன் போக வேண்டும். இருவருமாகத் தேடி, பாசி படர்ந்த ஒரு கல்லைக் கண்டுபிடித்தோம். வளையத்தை வைத்துப் படம் எடுத்தான். சாமந்தி இரண்டு உதிர்ந்திருந்தன. அவற்றைச் செருகிவிட்டு மீண்டும் எடுத்தான்.

"இதுல என்ன ஃபாதர் எழுதியிருக்கு?" என்றான். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். இரயில் ஓட்டுநர் ஒருவரின் மனைவி, நாற்பத்திரண்டு வயதில் இறந்தவர், ஐந்து பிள்ளைகள்.

"அஞ்சு பேருல யாரு ஃபாதர் அனுப்பியிருப்பாங்க?"

"தெரியவில்லையப்பா. பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம்."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றான். பிறகு நேரமாயிற்று என்று வண்டியை நோக்கி ஓடினான். நான் அந்தக் கல்லறைக்கும் தீர்த்தம் தெளித்தேன்.

பெரம்பூர்ப் பூக்கார அம்மாள்மார் ஆண்டுதோறும் நம் குருக்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சாம்பல் புதன் என்றைக்கு? அதைக் கொண்டே அவர்கள் பிப்ரவரி, மார்ச்சு மாதக் கடனை நிதானிக்கிறார்கள். 2024இல் சாம்பல் புதன் பிப்ரவரி 14 அன்று வந்தது; திருநாள் தப்பியது. 2027இன் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லுமாறு அண்மையில் ஓர் அம்மாள் கேட்டார். அவ்வாண்டு சாம்பல் புதன் பிப்ரவரி 10. மறுநாளே லூர்து அன்னை திருநாள். ஆலயத்தின் பாதுகாவலியின் பெருவிழா ஆதலால் பெரம்பூர்த் திருத்தலத்தில் அன்று பூ வைக்கலாம் என்று விளக்கினேன்.

"மத்த கோயில்ல?"

"மற்றக் கோவில்களில் இல்லையம்மா. பதினொன்றாம் தேதி இங்கே மட்டும்."

அவர் விரல்விட்டு ஏதோ எண்ணினார். "அப்ப பத்தாம் தேதி ராத்திரியே கோயம்பேடு போயிடணும்" என்று சொல்லி, ஈரத்துணியை உதறிப் பூவின்மேல் மூடினார்.